எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

"வீட்டில் இருக்கிறதைத்தானே முகத்தில் போடுகிறோம், இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. கேள்வி போலத் தெரிந்தாலும் இது ஒரு தீர்ப்பு. வார இதழ்களின் அழகுக் குறிப்புப் பக்கங்கள், யூடியூப் சேனல்கள், பார்லர் நடத்தும் அக்காக்கள், பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிவைத்த தீர்ப்பு. சமையலறையிலிருந்து வந்தது நல்லது, கடையில் வாங்கியது கெமிக்கல், மேக்கப் போட்டால் முகம் கெட்டுப்போகும். இந்த மூன்றையும் மறுக்கத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் உட்கார்ந்து ஒரு கிரீமையோ மாவையோ புது மேக்கப் முறையையோ முயன்று பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா தங்கைகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி போட்டுவிடும் சந்தோஷம் எனக்குத் தெரியும், அது வேண்டும். ஒரு பொருள் எந்த அறையிலிருந்து வந்தது என்பதை வைத்தே அது தோலுக்கு ஆகும், ஆகாது என்று முடிவுகட்டும் பழக்கம்தான் கூடாது என்கிறேன். தோலுக்கு அடுப்படியும் தெரியாது, ஃபேக்டரியும் தெரியாது. என்ன பொருள், எவ்வளவு காரம், எவ்வளவு நேரம் கிடந்தது, அதற்குப் பிறகு வெயில் பட்டதா என்பதுதான் அதன் கணக்கு.

எலுமிச்சையை எடுத்துக்கொள்கிறேன். இந்த நம்பிக்கையின் நடுநாயகம் அதுதான்.

என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்த புதிதில், காலையில் அரை மூடி எலுமிச்சையைச் சர்க்கரையில் தொட்டுக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பருவின் மேலேயே தேய்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"எரியலையாடி?"

"எரியும் சித்தி. எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

கழுவிவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு, ஒன்பது மணி வெயிலில் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். அந்த மாதம் முடிவதற்குள் பரு இருந்த இடமெல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்துப்போனது. அக்கா அதைப் பார்த்துச் சொன்ன வைத்தியம், "இன்னும் கொஞ்சம் எலுமிச்சை போடு, கறுப்பு போயிடும்." எது கறுப்பை உண்டாக்கியதோ அதையே கறுப்புக்கு மருந்தாகப் போடும் இந்தச் சுழலில் எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் கறுத்தது? நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் கணக்கில் ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கிறது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதால், சாறு தோலைவிடப் பல நூறு மடங்கு அமிலம். வெளிநாடுகளில் பழ அமிலம் சேர்த்த முக கிரீம்கள் விற்கின்றன. அவற்றை ஆராய்ந்த அமெரிக்க நிபுணர் குழு, வீட்டில் போட்டுக்கொள்ளும் கிரீமில் அமிலம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது, வெயில் படுவதைப் பற்றிய எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. "கெமிக்கல்" என்று நாம் ஒதுக்கும் கடைப் பொருளுக்கு இருக்கும் அந்த வரம்பைப் பிரிட்ஜில் இருக்கும் எலுமிச்சை தாண்டிவிடுகிறது.

"எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 100 கிராம் சாற்றில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம். அதே 100 கிராமில் சிட்ரிக் அமிலம் 5, 6 கிராம். வைட்டமினைப்போல் குறைந்தது நூறு மடங்கு அமிலம். முகத்துக்கான வைட்டமின் சி சீரங்களில் அந்த வைட்டமின் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். சாற்றில் இருப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல். ஆக, எலுமிச்சை தேய்க்கிறவருக்கு வைட்டமின் பேருக்குத்தான் கிடைக்கிறது, முழு அளவில் கிடைப்பது அமிலம்.

அமிலம் தோலைப் புண்ணாக்கினால் வெள்ளைக்காரருக்குச் சிவக்கும், சில நாளில் தணிந்துவிடும். நம் தோல் அப்படியல்ல. மெலனின் அதிகம் சுரக்கும் மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் எந்தக் காயத்துக்கும், எந்த எரிச்சலுக்கும் கறுப்பைக் கொட்டித்தான் பதில் சொல்லும். கொசு கடித்துச் சொறிந்த இடம், பருவைக் கிள்ளிய இடம், குக்கர் மூடியில் சுட்ட இடம் எல்லாமே மாதக்கணக்கில் கறுப்பாக நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். எரிச்சல் என்பது அந்தக் கறுப்புக்கான முன்னறிவிப்பு. அதை "வேலை செய்கிறது" என்று நம் பிள்ளைகளுக்கு யாரோ மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இந்தக் கட்டுரையில் எதற்காவது எனக்குக் கோபம் இருக்கிறதென்றால் இதற்குத்தான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எலுமிச்சை வகைப் பழங்களின் தோலில், சொரலென் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உண்டு. அவை சருமத்தில் பட்டு, அதன்மேல் வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டால், தோல் வெந்தது போல் சிவந்து, கொப்பளித்து, பிறகு கருந்திட்டாக மாறும். தோல் மருத்துவ நூல்களில் இந்தப் புண்ணுக்கு அதிகமாகக் காரணம் காட்டப்படுவது மெல்லிய தோலுடைய சிறிய எலுமிச்சை வகைகள், அதாவது நம் வீட்டுக் கூடையில் இருப்பவை. மூடியைத் தோலோடு கன்னத்தில் தேய்க்கும்போது சாற்றைவிடத் தோலின் எண்ணெய்தான் அதிகம் இறங்குகிறது.

இது நம் மரபுக்குத் தெரியாத விஷயமில்லை. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வெண்புள்ளிக்குச் சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் காலங்காலமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். வெளுத்த இடத்தில் நிறத்தை வரவழைப்பதற்கு. சொரலென் என்ற பெயரே அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததுதான். நிறத்தைக் கூட்டும் மருந்தென்று வைத்தியர் அளந்து கொடுத்ததை, இன்று முகம் வெளுக்கும் என்று சொல்லி நலங்கு மாவில் கைப்பிடிக் கணக்கில் அரைத்துப் போடச் சொல்கிறார்கள். மரபின் பெயரைச் சொல்லி மரபின் அறிவைத் தூக்கி எறிவது இது.

"நம் பாட்டிகள் செய்யவில்லையா?" என்பதுதான் அடுத்து வரும் வாதம். இதை நான் மரியாதையோடு எதிர்கொள்கிறேன், ஏனென்றால் பாட்டிகள் செய்ததில் பெரும்பகுதி சரி. அவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காயோ அரப்போ போட்டுக் குளித்தார்கள். பயத்தம்மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி உடனே கழுவினார்கள். மஞ்சளைக் கல்லில் இழைத்து, பூசி, அப்போதே குளித்தார்கள். எல்லாமே தோலில் சிறிது நேரம் கிடந்து தண்ணீரோடு போய்விடும் பொருள்கள். சோப்பு பிஎச் 9, 10 என்று காரமாக இருக்கும்போது சீயக்காயும் பயத்தம்மாவும் தோலுக்கு அதைவிட இதம். தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை என்று மும்பையில் நடந்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. அதில் பாட்டி ஜெயித்துவிட்டார். ஆனால் அதே எண்ணெயைப் பரு வரும் முகத்தில் இரவு முழுக்கப் பூசி வைத்தால் துவாரம் அடைத்துப் பரு கூடும். முடிக்கு நல்லது என்பதால் கன்னத்துக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

எந்தப் பாட்டி எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் கலந்து முகத்தில் இருபது நிமிஷம் வைத்தார்? எந்தப் பாட்டி பருவுக்குப் பற்பசை வைத்தார்? எந்தப் பாட்டி பட்டைப் பொடியைத் தேனில் குழைத்து உதட்டில் பூசி உதட்டைப் பெரிதாக்கினார்? இவையெல்லாம் போன பத்து இருபது வருஷத்துச் சரக்கு. பெரும்பாலும் ஆங்கில வீடியோக்களிலிருந்து இறங்கியவை. இவற்றுக்கு மேலே "பாட்டி வைத்தியம்" என்று தலைப்பு வைப்பது பாட்டிகளுக்குச் செய்யும் அநியாயம்.

அவற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆப்ப சோடாக் கரைசலின் பிஎச் 8-க்கு மேல், தோலின் அமிலப் படலத்தை அது கலைக்கும். பற்பசையில் இருக்கும் நுரை தரும் பொருளும் புதினா எண்ணெயும் ஃப்ளூரைடும் பருவை உலர்த்துவது போலக் காட்டி சுற்றியுள்ள தோலைப் பொசுக்கும். பட்டை உதட்டைப் பெரிதாக்குவது வீக்கத்தால்தான், வீக்கமென்றால் எரிச்சல்தான். சர்க்கரை, ரவை, காப்பித்தூள் கொண்டு தேய்ப்பது பரு இருக்கும் முகத்தில் கீறலை உண்டாக்கும், நம் நிறத்தில் கீறல் என்றால் கறுப்பு.

கெமிக்கல் பயத்துக்கு வருகிறேன். இதில் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் நல்லது. கிரீமும் ஷாம்பூவும் கெட்டுப்போகாமல் இருக்கப் பாரபென் என்னும் பாதுகாப்புப் பொருள்களைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வந்தார்கள். 2000-களில் அதன்மேல் பயம் கிளம்பியது. "பாரபென் இல்லாதது" என்று டப்பாவில் எழுதினால்தான் விற்கும் என்ற நிலை வந்தது. நிறுவனங்கள் பலவும் அதை எடுத்துவிட்டு மெத்தில்ஐசோதயாசொலினோன் என்ற வேறொன்றைச் சேர்த்தன. விளைவு என்ன? ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு முகத்திலும் கையிலும் ஒவ்வாமைச் சொறி. அமெரிக்கத் தொடுதோல் ஒவ்வாமைச் சங்கம் 2013-ல் இந்தப் புதிய பொருளை அந்த வருஷத்தின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை கொண்டுவந்தது. 2019-ல் அதே அமெரிக்கச் சங்கம் பாரபெனுக்கு "ஒவ்வாமை தராத பொருள்" என்ற பட்டத்தைக் கொடுத்தது. பெயரைக் கேட்டுப் பயந்து, சாதுவானதை விரட்டிவிட்டு, உண்மையிலேயே கடிக்கக்கூடியதை வீட்டுக்குள் கூட்டி வந்த கதை இது.

வீட்டில் செய்யும் கற்றாழை ஜெல்லுக்கும் பன்னீருக்கும் பாதுகாப்புப் பொருள் கிடையாது. அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். கற்றாழையைச் சீவி மிக்சியில் அடித்து, ஜாம் பாட்டிலில் ஊற்றி, ஒரு மாதம் வைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். இரண்டாவது வாரத்தில் அந்தப் பாட்டிலில் வாசனை மாறாமல் இருந்தாலும் கிருமி வளர்ந்திருக்கும். இரண்டு நாள் பழைய தேங்காய்ச் சட்னியை வாயில் வைக்கத் தயங்குகிற நாம், கிள்ளிய பருவின் திறந்த வாயில் அதைவிடப் பழையதைத் தடவுகிறோம். தோலோடு சீவிய கற்றாழையில் வடியும் மஞ்சள் பாலும் பலருக்கு அரிப்பைக் கிளப்பும். நறுக்கி நிமிர்த்தி வைத்து, அந்தப் பாலை வடியவிட்டு, கழுவித்தான் பழைய ஆட்கள் எடுப்பார்கள். வீடியோவில் அந்த நிமிஷங்களை வெட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது தீர்ப்பு மேக்கப் பற்றியது. மகள் காம்பாக்ட் வாங்கினால் திட்டும் அம்மா, அவளே எலுமிச்சை தேய்த்தால் மெச்சுகிறார். அம்மாவின் அக்கறை உண்மையானது, கணக்குத்தான் தலைகீழ். மங்கு என்று நாம் சொல்லும், கன்னத்திலும் மூக்கின் மேலும் நெற்றியிலும் படரும் கரும்படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற பெண்களில் எவ்வளவோ பேருக்கு இருக்கிறது. அது புற ஊதாக் கதிரால் மட்டும் கூடுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மாநிறத் தோலில் அதைக் கூட்டுகிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது ஃபவுண்டேஷனுக்கும் நிறமேற்றிய சன்ஸ்கிரீனுக்கும் பழுப்பு நிறம் கொடுக்கும் அதே பொருள். அதனால் மங்கு இருப்பவர்களுக்கு நிறமேற்றிய சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். முகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கிய நிறப்பூச்சு, இங்கே முகத்தைக் காக்கும் வேலையைச் செய்கிறது.

மேக்கப்பில் கெடுதல் எங்கே வருகிறதென்றால், ஒரே கண்மைப் பென்சிலை நான்கு பேர் தீட்டுவதில் வருகிறது. மஸ்காராவை மூன்று மாதத்தில் தூக்கிப் போடாமல் மூன்று வருஷம் வைத்திருப்பதில் வருகிறது. கல்யாண மேக்கப்போடு அப்படியே தூங்குவதில் வருகிறது. தப்பான நிறத்தை வாங்குவதிலும் ஒரு கெடுதல் உண்டு, அது தோலுக்கு அல்ல, மனசுக்கு. தன் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனை மணப்பெண்ணுக்குப் பூசி, கல்யாண ஆல்பம் முழுக்க முகம் சாம்பல் பூத்தும் கழுத்து வேறு நிறமாகவும் நிற்பதை எத்தனை ஆல்பங்களில் பார்த்திருக்கிறோம். நிறத்தைக் கையில் தேய்த்துப் பார்க்கக் கூடாது. தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, கடையின் வெள்ளை விளக்கை விட்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தால் அது உங்கள் நிறம். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் வெளுத்த கன்சீலரை அப்பாதீர்கள், சாம்பலாகத்தான் தெரியும். முதலில் ஆரஞ்சு சாயலில் மெல்லியதாக ஒரு பூச்சு, அதன்மேல் உங்கள் நிறம். இதை வீட்டில் கண்ணாடி முன்னால் நிதானமாகச் செய்து பழகலாம். யாருக்கும் கெடுதல் இல்லை.

நாம் மேக்கப் என்றே எண்ணாத ஒரு பொருள், உண்மையில் தோலைக் கெடுப்பதுண்டு. ஸ்டிக்கர் பொட்டு. சில மலிவான ஸ்டிக்கர்களின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள், நிறமணுக்களையே அழித்துவிடும். பொட்டு வைக்கும் இடத்தில் பொட்டளவுக்கு வெள்ளைத் திட்டு விழும். இந்தியத் தோல் மருத்துவர்களுக்குப் பழக்கமான நோய் இது. பொட்டின் அடியில் அரித்தாலோ நிறம் வெளுத்தாலோ அன்றே ஸ்டிக்கரை நிறுத்த வேண்டும். வேறு கம்பெனி ஸ்டிக்கருக்கு மாறுவது போதாது.

இப்போது, இந்த நம்பிக்கையால் நடக்கும் பெரிய கேட்டுக்கு வருகிறேன். இயற்கையானது என்றால் கேள்வி கேட்க வேண்டாம் என்று மக்களைப் பழக்கிவிட்டால், அந்தப் பழக்கத்தை வைத்துப் பிழைப்பவர்கள் வந்துதான் தீருவார்கள். வந்துவிட்டார்கள். வெள்ளை டப்பா, மேலே ஒரு மூலிகைப் படம், "ஹெர்பல்", "ஏழே நாளில்". உள்ளே என்ன இருக்கிறதென்ற பட்டியல் இல்லை, தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. வாட்ஸப்பில் ஆர்டர், கூரியரில் டெலிவரி. நான்காம் நாளே முகம் பளிச்சென்று ஆகிவிடும். எந்த மூலிகையும் நான்கு நாளில் அதைச் செய்யாது. செய்வது பெரும்பாலும் இரண்டு பொருள்களில் ஒன்று. ஸ்டீராய்டு, அல்லது பாதரசம்.

பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சொறிக்கும் அரிப்புக்கும் மருத்துவர் சில நாளைக்குக் கொடுக்கும் மருந்துகள். முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் காகிதமாக மெலியும், சிவப்பு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பெண்களுக்குக் கன்னத்தில் முடி வளரும், பரு கொத்துக் கொத்தாகக் கிளம்பும். நிறுத்தினாலோ முகம் தீப்பட்டது போல எரிந்து சிவக்கும். அங்கேதான் பொறி இருக்கிறது. நிறுத்தியதும் எரிகிறது என்பதால் கிரீம் நல்லது, நிறுத்தியதுதான் தப்பு என்று நினைத்து மறுபடி தடவுகிறார்கள். இதற்கென்றே "ஸ்டீராய்டால் கெட்ட முகம்" என்று ஒரு நோய்ப் பெயரை இந்தியத் தோல் மருத்துவர்கள் வைக்க வேண்டியதாயிற்று. அவர்களது சங்கம் வருஷக்கணக்கில் குரல் கொடுத்த பிறகு, 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இன்றைக்கும் பல மெடிக்கல் ஷாப்புகளில் "முகத்துக்கு ஒரு கிரீம் கொடுங்க" என்றால் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

பாதரசம் இன்னும் மோசம். அது மெலனின் உருவாவதைத் தடுக்கிறது, அதனால் முகம் வெளுக்கிறது. ஆனால் தோலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 முதல் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயாளிகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார்கள். கால் வீங்கி, சிறுநீரில் புரதம் கொட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் முகம் வெளுக்கும் கிரீம் தடவியவர்கள். அவர்களது ஆய்வு 2024-ல் ஒரு சிறுநீரக மருத்துவ இதழில் வெளியானது. அதற்கு முன்பே, வேறு மருத்துவர்கள் இதே வகை நோயைப் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளோடு தொடர்புபடுத்தி எழுதியிருந்தார்கள். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண் பகுதிக்கான பொருள்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. லேபிள் உள்ள பொருளைத்தான் அந்த விதியால் எளிதில் பிடிக்க முடியும். லேபிளே இல்லாத "ஹெர்பல்" டப்பாவை எதைக் கொண்டு பிடிப்பது?

கல்யாண வீடுகளிலும் திருவிழாக் கடைகளிலும் போடும் கருப்பு மருதாணிக் கூம்பும் இந்த வகைதான். மருதாணி இலை ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை சிவக்கும். கன்னங்கரேலென்று அரை மணியில் பிடிக்காது. அப்படிப் பிடித்தால் உள்ளே தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சேர்ந்திருக்கிறதென்று எடுத்துக்கொள்ளலாம். பத்து வயதுக் குழந்தையின் கையில் அதைப் போட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும். நாற்பது வயதில் தலைக்கு டை அடிக்கும்போது முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். மருதாணி என்ற பெயரை நம்பியதற்கு முப்பது வருஷம் கழித்து விலை.

அப்படியானால் வீட்டில் எதையும் முயலக் கூடாதா? முயலுங்கள், ஆனால் முகத்தில் முதலில் போடாதீர்கள். முழங்கை மடிப்பின் உட்புறத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, நாளுக்கு இரண்டு வேளை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். கழுவிவிடும் பொருளாக இருந்தால், முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் கையில் வைத்துக் கழுவுங்கள். அரிப்பு, சிவப்பு, பொரிப்பொரியாகத் தடிப்பு எதுவும் வராவிட்டால் முகத்துக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள்தான். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எது கெடுத்தது, எது பலன் கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது. தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. கறுப்புத் திட்டு மங்குவதற்கு அதற்கும் மேலே. ஒரு வாரத்தில் பலன் கேட்கிறவரைத்தான் வெள்ளை டப்பாக்காரர் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சோதனை மஞ்சளுக்கும் பொருந்தும், இறக்குமதி சீரத்துக்கும் பொருந்தும். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டுப் பொருள் என்பதற்காக இந்த ஒரு வாரத்திலிருந்து எதற்கும் விலக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வாதம், இதுதான் உண்மையிலேயே கனமானது. "காசு இருக்கிறவங்களுக்கு சீரம், சன்ஸ்கிரீன் எல்லாம் சரி. எங்களுக்கு எலுமிச்சைதான் கட்டுப்படியாகும்." இதைச் சொல்கிறவரிடம் விலை கூடிய பொருள்களின் பட்டியலை நீட்டுவது நியாயமில்லை, நானும் நீட்டப்போவதில்லை. தோலுக்குத் தேவையானவை கொஞ்சம்தான், அவை மலிவும்கூட. முகம் கழுவப் பயத்தம்மாவு போதும். வறண்ட கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெயோ சிறிய டப்பா பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். வெயிலுக்குக் குடையும் துப்பட்டாவும் நல்ல காப்பு. பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், அதைவிடக் காரமான 10 சதவீதத்துக்குச் சமமாக வேலை செய்யும், எரிச்சல் குறைவு. இரவில் மெல்லியதாகப் பூசினால் ஒரு ட்யூப் பல வாரம் வரும், தலையணை உறையை வெளுக்கும் என்பதால் பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை மலிவு என்பது, அது விட்டுப்போகும் கறுப்பைப் போக்க ஒரு பார்லரிலிருந்து இன்னொரு பார்லருக்கு அலையும் செலவைச் சேர்க்காத கணக்கு.

இவையெல்லாம் போட்டும் பரு அடங்கவில்லை, மங்கு படர்கிறது, முகம் எரிகிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது, வைத்தியத்துக்குக் காசு கிடையாது. போகும்போது இதுவரை முகத்தில் போட்ட அத்தனையையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். ட்யூப், சீரம், நலங்கு மாவுப் பொட்டலம், லேபிள் இல்லாத அந்த வெள்ளை டப்பா எல்லாவற்றையும். வெறும் மூலிகைதானே என்று எதையும் வீட்டில் விட்டுவிடாமல், டாக்டர் கேட்காவிட்டாலும் மேசைமேல் எடுத்து வையுங்கள்.